சாக்கு மூடிய கல்

எடின்பரோ, ஜனவரி 1951

அன்புள்ள எஃபிக்கு,

வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான்.

நம்மிடமிருந்து என்றோ பறித்துப்போன, நம் பழைய அரசர்களின் முடிசூட்டுக் கல்லைக் கிறிஸ்துமஸ் அன்று லண்டனிலிருந்து யாரோ தூக்கி வந்துவிட்ட செய்தி நம் தீவுக்கும் எட்டியிருக்கும். இங்கே ஊரே அதைக் கொண்டாடிச் சிரிக்கிறது. போலீஸ்காரர்கள்தான் தூக்கமில்லாமல் லாரிகளை மறிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கெல்சோ சாலையில் என்னையும் நிறுத்தினார்கள்.

"என்னய்யா ஏத்திட்டு வர்றே?"

"கல்லுங்க."

"யார்கிட்ட நக்கல் பண்றே? இறங்குடா கீழே."

அந்தப் போலீஸ்காரர் மேலே ஏறிச் சாக்கை விலக்கினார். புதிதாகச் செதுக்கிய கல்லறைக் கல் அது. ஐந்து வயதுப் பெண் குழந்தையுடையது. அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு சாக்கைப் போர்த்தி, கயிற்றைத் தானே இறுக்கிக் கட்டினார்.

"பார்த்து மெதுவாப் போப்பா" என்றார்.

மெதுவாகத்தான் ஓட்டினேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நம் மோரக்கின் இருமல் நின்றதா என்று போன கடிதத்தில் நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். இந்த முறை குழந்தையையே ஒரு வரி கிறுக்கச் சொல். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அவள் கையால் இருக்கட்டும்.

முதலாளி வண்டியை எடுக்கச் சொல்கிறார்.

உன்
நார்மன்