வெள்ளிதோறும் சனிக்கிழமை வந்துவிட்டது

எந்த வாரமும் சொன்ன நாளில் பேப்பர் கொடுக்காத என் அன்பு அண்ணனுக்கு,

நம் 'வெள்ளிதோறும்' வந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் வந்த முதல் இதழ். வழக்கம்போல் சனிக்கிழமைதான். சிரிக்காதீர்கள்.

பெரிய பத்திரிகைகளில் நம் ஊர்ச் சாக்கடைக்கு இடம் கிடைப்பதில்லை என்று, பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தின் மாடியில் இதை ஆரம்பித்தீர்கள். முகூர்த்த மாதங்களில் அழைப்பிதழெல்லாம் அடித்து முடித்த பிறகுதான் நம் முறை வரும். தாமதத்துக்கு அது மட்டும் காரணமா? யாரைப் பற்றி எழுதினாலும், "அவர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்று உட்கார்ந்துவிடுவீர்கள். எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா?

இந்த முறை வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று மதினியிடம் சவால் விட்டிருந்தேன். குறுக்குத்துறைப் பக்கம் ஓர் ஓட்டல்காரர் கழிவுநீரை ஆற்றில் விடுகிறார் என்று செய்தி. அவர் சுவரை ஒட்டிக் குழாய் போகிற படமும் கையில் இருந்தது. வியாழன் இரவு அச்சகத்து அண்ணாச்சி, "இப்ப அனுப்புதியாம்மா, இல்ல நாளைக்கா?" என்று நச்சரித்தார். அனுப்பப் போன கை நின்றுவிட்டது. உங்கள் குரல்தான், வேறென்ன?

ஓட்டல்காரருக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், "அது எங்க குழாய் இல்லம்மா. நேர்ல வந்து பாத்துட்டு எழுது" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் மதினியோடு போனேன். குழாய் அவர் சுவரை ஒட்டித்தான் போகிறது; ஆனால் புறப்படுவது அடுத்திருக்கும் கல்யாண மண்டபத்திலிருந்து. மண்டபத்து மேனேஜர், "எனக்கே இப்பதாம்மா தெரியும்" என்று தலையைச் சொறிந்தார். அதையும் சேர்த்தே போட்டோம்.

அண்ணே, அன்றைக்கே அனுப்பியிருந்தால்? வழக்கு வந்திருக்கும். அதை விடுங்கள், தப்பே செய்யாத மனிதரின் பெயரைக் கெடுத்து, உங்கள் பத்திரிகையை முதல் வாரத்திலேயே நானே மூடியிருப்பேன். நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பேப்பர் கட்டோடு ஜங்ஷன் டீக்கடைக்குப் போனபோது, கடைக்கார அண்ணாச்சி தேதியைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை பேப்பர் சனிக்கிழமை வந்திருக்கு, பாத்தீரா? நம்ம பேப்பரேதான்வே." அங்கேயே அழுதுவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு. இனி யாரிடமும் வெள்ளிக்கிழமை என்று சவால் விடமாட்டேன். கேட்க வேண்டியவரைக் கேட்காமல் ஒரு வரியும் அச்சுக்குப் போகாது.

உங்களிடமும் பிந்தியே வரப்போகிற,
உங்கள் தங்கச்சி