எந்தக் கால் என்று கேட்டார்

ஆவணி 10, செவ்வாய், இரவு

லண்டனிலிருந்து திண்டுக்கல் வந்து சேர்ந்துவிட்டேன். உடம்பு களைத்திருக்கிறது, தூக்கம் வரவில்லை.

டிக்கெட் போடும்போதே மகள் எனக்குச் சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தாள். “தனியாப் போய் வழி தெரியாம முழிப்பீங்கப்பா. தள்ளுறவங்களே கொண்டு விட்டுருவாங்க.” முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவன், அறிவிப்புப் பலகைகளுக்குப் பயந்து சம்மதித்தேன். கால்களில் ஒரு குறையும் இல்லை.

விமானம் மாறும் இடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம் இருந்தது; அதில் என்னை உட்கார வைத்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால், லண்டனிலிருந்து வழியெல்லாம் என்னோடு பேசிக்கொண்டு வந்த, எங்கள் ஊர் பேகம்பூரைச் சேர்ந்த அம்மாள், வீங்கிய முழங்காலுடன் நின்றிருந்தார். இன்னொன்று வர நேரமாகும் என்றார்கள். எழுந்து கொடுத்தால் என் பொய் தெரிந்துவிடும். உட்கார்ந்தே இருந்தேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, கடைசி ஆளாக விமானம் ஏறினார்.

மதுரை விமான நிலையத்தில் என் பெட்டி வருவதைப் பார்த்ததும் எல்லாம் மறந்து ஓடினேன்.

“பெட்டி எங்க ஓடிறப் போகுது சார்? மெதுவாப் போங்க, வீங்கிறப் போகுது” என்றார் அந்த அம்மாள். “ஒங்களுக்கு எந்தக் காலு?”

“வலது” என்றேன்.

வாசல் வரை நொண்டிக்கொண்டே போனேன். என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், அவரும் கூடவே மெதுவாக நடந்து வந்தார்.