மரகதத்தின் கதவைத் தட்டியது யார்

ராயபுரம், திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. சென்னிமலை ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த டென்மார்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ரெண்டு தடவை 'ம்' சொல்வதற்குள் ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். பார்சலோடு வைத்தால் உட்கார்ந்து படித்துத்தானே ஆக வேண்டும். பருப்புப் பொடியும் முழுக்கை பனியனும் வைத்திருக்கிறேன், பனியன் அப்பா கம்பெனித் துணி, ஸ்வெட்டருக்கு உள்ளே போட்டுக்கொள், பழைய ஸ்டைல் என்று பீரோவில் போட்டு வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பக்கத்து வீட்டு அமீருன்னிசாம்மாவுக்கு இருதய வால்வில் ஆப்பரேஷன் என்று சொன்னேன் அல்லவா, ரபீக் அண்ணனுடைய அம்மா, உனக்குத் தூக்குப்போசி நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவாரே, அவர்தான். போன மாதம் முழுக்க நாங்கள் பட்ட பாட்டை எல்லாம் இப்போதுதான் எழுத முடிகிறது. அதற்கும் உன் பெரிய அப்புச்சிக்கும், அதுதான் என் பெரியப்பாவுக்கும், என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பெரிய கடிதம்.

நீ நம் வீட்டில் பார்த்த பெரிய அப்புச்சி மத்தியானத்தில் டீவி சீரியல்காரர்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன். ஆனால் ரேடியோவில் அவருடைய நாடகம், கன்னையன் நாடகம் என்றால் ஒரு காலத்தில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோகும் என்று என் அப்பா சொல்வார். பகலெல்லாம் பனியன் கம்பெனி பேக்கிங்கில் வேலை, பஸ் பிடித்துப் போய் வானொலி நிலையத்தில் நாடகம். எத்தனை எழுதினார் என்று அவருக்கே தெரியாது, எண்ணூறுக்குக் குறையாது என்பார்கள். விவசாயிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, சேமிப்புக்கு, அம்மை ஊசிக்கு என்று கேட்டதற்கெல்லாம் எழுதுவார். ஒரே பெயரை அடிக்கடி போட முடியாது என்று நிலையத்தில் சொன்னதும் எங்கள் பெரியம்மா செல்லாத்தாள் பெயரில் எழுத ஆரம்பித்தார். மாமியார் கொடுமைக்கு வழி கேட்டு அந்த அம்மாவுக்குக் கடிதம் வந்து குவிந்ததாம், பெரியப்பாவே சளைக்காமல் பதில் போட்டாராம், பாதிப் பேருக்குத் திட்டுத்தான். பருத்தியில் விழுகிற புழுவைப் பற்றி ஒரு நாடகம் போட்டார், மறுநாளே பொங்கலூரிலிருந்து நாலு பேர் இலையைப் பறித்துக்கொண்டு வந்து மருந்து கேட்டு நின்றார்கள். இவருக்குப் பருத்திச் செடிக்கும் வெண்டைச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது, பனியனாகி வந்தால்தான் தெரியும்.

அவர் எழுதுகிற விதம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பனியன் பெட்டிக்குள் வைக்கிற வெள்ளை அட்டையின் பின்பக்கம் எழுதுவார், எழுதியதைப் பேக்கிங் பெண்களுக்கு எல்லாக் குரலிலும் தானே பேசிக் காட்டுவார். அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். பனியன் மடிக்கிற கை மடித்துக்கொண்டே இருந்தால் அட்டையைக் கிழித்துவிடுவார், கை நின்றால் அந்த வசனம் நின்றது. உற்பத்தி படுத்துவிட்டது என்று முதலாளி கத்துவாராம், ஆனால் அவரே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாராம். அப்போதெல்லாம் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்புத்தான். ஒரு நாள் நடிகர் ஒருவர் பஸ் தவறவிட்டு வரவில்லை, பெரியப்பாவே வட்டிக்காரனாகவும் வட்டிக்காரனின் ஆத்தாளாகவும் மைக் முன்னால் நின்று தன்னோடு தானே சண்டை போட்டுவிட்டு வந்தார். கேட்டவர்களில் ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லையாம்.

இத்தனை பேர் எடுத்த மனுஷனுக்கு ஒரே ஒரு குறை, முடியாமல் போன தொடர் நாடகம். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. மரகதம் என்று ஒருத்தி, புருஷன் சிலோனுக்குப் போய் வருஷக்கணக்காகத் தகவல் இல்லை, விடிந்தால் கொழுந்தன் அவளை வீட்டை விட்டுத் துரத்தப் போகிறான், மழை கொட்டுகிறது. கதவைத் தட்டுகிற சத்தம். யாரது என்று மரகதம் கேட்கிறாள், அத்தோடு அந்த வாரம் முடிந்தது. அடுத்தது கடைசி வாரம். அந்த வாரம் பார்த்து நாட்டுக்கே பெரிய தலைவர் ஒருவர் காலமாகிவிட்டார், வானொலியில் நாள் முழுக்க சோக இசை. துக்கம் முடிந்து நிகழ்ச்சிகள் திரும்ப வந்தபோது அந்த நேரத்துக்கு வேறு ஏதோ வந்துவிட்டது. மரகதம் கதவுக்கு உள்ளேயே நின்றுபோனாள். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடையில் எங்கே பார்த்தாலும் தட்டியது யார் என்று ஜனங்கள் கேட்பார்கள், பெரியப்பாவோ நாடகம் காதுல கேக்கறதுக்குங்க, வாயில சொல்றதுக்கில்லீங்க என்று கெத்தாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

அமீருன்னிசாம்மா அப்போது புதுப்பெண். வீட்டுக்காரர் பனியன் விற்கக் கல்கத்தா போயிருந்த நேரம், பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டபடி தனியாக உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாராம். அவர் வீட்டுக்காரர் நல்லபடியாகத் திரும்பி வந்து பேரன் பேத்தி எல்லாம் பார்த்தார், அது வேறு. ஆனால் மரகதம் அந்த அம்மாவை விடவே இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நாங்கள் பார்க்கப் போனோம், டாக்டர் இந்த வயதில் பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று ரபீக் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார், அது அந்த அம்மாவுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு, ஏனுங்கண்ணா, நான் போய்ச் சேர்றதுக்கு முந்தி ஒன்னே ஒன்னு சொல்லிப்போடுங்க, மரகதத்து ஊட்டுக் கதவத் தட்டுனது ஆருங்க என்று கேட்டார். வார்டில் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம், பெரியப்பா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். நாளான்னிக்கு வந்து சொல்றனுங்க என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. என்னங்க பெரியப்பா என்று கேட்டால், சாந்தாமணி, எனக்கு அது மறந்தே போச்சு கண்ணு என்கிறார். அட முருகா! எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த அம்மாவை நினைத்துக் கவலையும் வந்தது. அறுபது வருஷமாக ஊரே கெஞ்சியதற்கு இவர் காட்டிய கெத்தெல்லாம் இதற்குத்தான். போன வாரத்தையே நெனச்சுட்டு உக்காந்திருந்தா அடுத்த வாரத்துக்கு எப்படி எழுதறது என்று நியாயம் வேறு. சரி, புருஷன் வந்துட்டான்னு சொல்லிப்போடுங்க, அந்தம்மா சந்தோசமா ஆப்பரேசனுக்கு உள்ள போகட்டும் என்றேன். பொய் சொல்லச் சொல்றயா என்று என்மேல் பாய்ந்தார். மனுஷன் எழுதினது எண்ணூறு பொய்!

மறுநாள் காலையிலேயே உன் அப்பாவிடம் கம்பெனி அட்டை கேட்டு வாங்கி உட்கார்ந்தார். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், எதிரில் வந்து நின்று பேசிக் காட்டினார், கண் என் கையிலேயே இருந்தது. ரெண்டு அட்டையைக் கிழித்தார். மூன்றாவதில் நிஜமாகவே என் கை நின்றுவிட்டது அனு, எண்பத்தெட்டு வயதுத் தொண்டையில் அந்த மரகதம் மழைக் குளிரில் நடுங்கினாள். அன்றைக்கு நம் பகுதிக்கு மாதாந்திரக் கரண்ட் கட், தெருவில் ஒரு மிஷின் ஓடவில்லை, இப்பவே பதிவு பண்ணோணும் என்று எல்லோரையும் கூட்டினார். ரபீக் அண்ணன் மனைவி ஷாஹிதா மரகதம், உன் அப்பா அந்தக் கொழுந்தன், மழைச் சத்தத்துக்கு முறத்தில் கடுகு. தட்டுகிற சத்தத்துக்கு வீட்டில் இருக்கிற கதவையெல்லாம் தட்டிப் பார்த்து, பாத்ரூம் கதவைத் தகர டப்பா என்று திட்டிவிட்டு, கடைசியில் கொல்லைக் கதவைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு ஒரு சின்னப் பிள்ளையின் குரல். முகவாயைத் தூக்கி மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பேசினால் வரும் என்று சொல்லிக்கொடுத்தார், உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். என் ஒரு வரியோடு செல்போனை வாங்கிக்கொண்டார், மீதியை நான் தனியாப் பேசிக்கறேன் என்றார். நானும் நம்பினேன்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் தலையணை பக்கத்தில் போனை வைத்து ரபீக் அண்ணன் போட்டுவிட்டார். மழை, கொழுந்தனின் மிரட்டல், கதவு தட்டுகிற சத்தம், யாரது என்று மரகதம். தாழ்ப்பாள் விலகுகிறது. வாசலில் புருஷனும் இல்லை, கொழுந்தனும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை, அம்மா, எங்கப்பா உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க என்கிறது. அவ்வளவுதான், பதிவு நின்றுவிட்டது. அமீருன்னிசாம்மா மூக்கில் மாட்டிய குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆரு பெத்த புள்ளைங்க அது என்று கத்தினார். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, ஆப்பரேசன் முடிச்சுட்டு வாங்க, சொல்றேன் என்கிறார். பழிகார மனுசா, அறுவது வருசம் பத்தலையா உங்களுக்கு என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் நர்ஸ் எங்களை வெளியே அனுப்பிவிட்டாள்.

வரும்போது காரில் நான் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அந்தம்மாவுக்கு ஒன்னு ஆகிப்போச்சுன்னா இந்தப் பாவம் ஆருக்குங்க என்று கேட்டேன். எம்பட நாடகத்த ஆராவது அடுத்த வாரம் கேக்காம உட்ருக்கறாங்களா கண்ணு என்று சொன்னார், ஆனால் ஆஸ்பத்திரி பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆப்பரேஷன் முடிந்தும் அந்த அம்மா கண் திறக்கவில்லை. ஒரு நாள் போனது, மறுநாளும் போனது, டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை. ஷாஹிதா தொழுகைப் பாயை மடிக்கவே இல்லை, நான் சென்னிமலை ஆண்டவனுக்குக் காசு முடிந்து வைத்தேன். பெரியப்பா போன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, சொல்லியே உட்ருக்கலாமோ, ஏதாச்சும் ஒன்னு சொல்லியே உட்ருக்கலாமோ என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு அவரைத் திட்ட மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ரபீக் அண்ணன் கூப்பிட்டார், நான் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா கண்ணைத் திறந்துட்டாங்க, வாயில இருந்த குழாய எடுத்துட்டாங்க, என்னமோ சொல்றாங்கன்னு ஷாஹிதா குனிஞ்சு கேட்டா, தண்ணி வேணுமாக்கும்னு நெனச்சோம் என்றவர் மேலே பேச முடியாமல் அழுகிறார், சிரிக்கிறார். அந்தப் புள்ள ஆருதுன்னு கேட்டுச் சொல்லுடான்னு சொல்றாங்கங்க என்றார். ஊரையெல்லாம் அழவைத்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை அனு, செல்லாத்தாள் பெரியம்மா போனபோதுகூடப் பார்க்கவில்லை. பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அட்டை இருந்தா எடு சாந்தாமணி, அது ஆரு புள்ளைன்னு எனக்கே இன்னும் தெரியல என்றார்.

வெள்ளிக்கிழமை அமீருன்னிசாம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், நீ மறக்காமல் போன் போட்டுப் பேசு, ரொம்ப நேரம் பேசவிடாதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், காலில் சாக்ஸ் இல்லாமல் வெளியே போகாதே. நீங்கள் ரெண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். பனியன் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு, அப்போதுதான் நம்புவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தாமணி