சங்கீ, நீ நின்ற இடத்தில் நான் நின்றேன்

என் சங்கீ, பிரேயர் வரிசையில் எல்லாருக்கும் முன்னால் நிற்கிற என் குட்டிப் பெண்ணே,

உன் இடத்தில் இப்போது யாரும் நிற்பதில்லை. பி.டி. சார் "ஒரு அடி முன்னாடி வாங்க" என்று விசில் ஊதுகிறார். யாரும் நகர்வதில்லை. அவரும் இரண்டாம் முறை ஊதுவதில்லை.

இப்படி எழுதினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "இன்னாடி கயலு, பொஸ்தகம் மாரி பேசிகினு கீற?" என்பாய். கேலி செய்துகொள். உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததைப் பொறுத்துக்கொள்.

பள்ளி விட்ட நேரம். பூந்தமல்லி சாலையில் வண்டிகள் நெருக்கி அடித்து நின்றிருந்தன. எம்-சாண்ட் மணல் ஏற்றிய டிப்பர் லாரியின் முன்னால் புகுந்து நீ கடந்தாய். நம் ஊரில் எல்லாரும் கடப்பது போலத்தான்: கையைத் தூக்கிக் காட்டினால் போதும், வண்டி நிற்கும். அம்மாக்கள் அப்படித்தான் நம்மைக் கூட்டிப் போனார்கள். நாமும் அப்படித்தான் நடக்கப் பழகினோம். நீயும் கையைக் காட்டினாய். முன்னால் இருந்த பஸ் நகர்ந்தது. லாரியும் நகர்ந்தது.

நான் நூலகத்தில் இருந்து வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே கூட்டம். உன்னைப் பார்க்க என்னை விடவில்லை. கோமதி மிஸ் என் முகத்தைத் தன் புடவையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆனால் டிரைவரைப் பார்த்தேன். முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். யார் யாரோ உதைத்தார்கள். டீக்கடையில் பாதி குடித்த கிளாஸை அங்கேயே வைத்துவிட்டு வந்து உதைத்தவரையும் பார்த்தேன். அந்த ஆள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, "பாக்கலீங்க சாமி, சத்தியமா பாக்கலீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். அப்போதுதான் உன் தினேஷ் அண்ணன் டெலிவரி பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வந்தார். கையில் ஹெல்மெட். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஏழுமலை என்கிற அந்த டிரைவருக்கு இடது கண் போய்விட்டது. அடித்தது யார் என்று யாரும் போலீஸிடம் சொல்லவில்லை.

எதிரே இருந்த மொபைல் கடையின் கேமராவில் நீ கடந்தது பதிவாகிவிட்டது. மறுநாளே எல்லார் போனிலும் நீ இருந்தாய். யாரோ அதற்கு சோகப் பாட்டு வேறு போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் இருந்து எடுத்த படம் அது. உன் கை தூக்கியிருப்பது நன்றாகத் தெரிகிறது. அதற்கு அப்புறம்தான் லாரி நகர்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: பார்த்துக்கொண்டே ஏற்றியிருக்கிறான்.

தினேஷ் அண்ணனும் அதையே சொன்னார். கேட்டில் எனக்காகக் காத்திருப்பார். ஒருநாள் சொன்னார், "கைய காட்னா மா என் தங்கச்சி. அந்தாளு பாத்துகினே ஏத்திகீறான். இப்போ ஆஸ்பத்திரிலேர்ந்து வுட்டாங்க, ஜாமீன்ல திருமழிசைல ரூம்ல படுத்துகீறான். இன்னொரு கண்ணு எதுக்கு அவனுக்கு?" சிரிக்காமல், பல்லைக் கடிக்காமல், பால் பாக்கெட் வாங்கப் போவது போலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றார். கூட வர இரண்டு பேர் இருக்கிறார்களாம். யாரிடம் சொல்வது? போலீஸிடம் சொன்னால் உன் அம்மாவுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பிள்ளையும் போய்விடும். சொல்லாவிட்டால்?

இனி வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு இது பிடிக்கும்.

வியாழக்கிழமை, கோமதி மிஸ்ஸின் இயற்பியல் வகுப்பு. ஸ்மார்ட் போர்டில் வழக்கம்போல ஒளி எதிரொளிப்பு வீடியோ. விளக்கை அணைத்தார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். நீ இருந்தால் இந்நேரம் என் தோளில் தூங்கியிருப்பாய். "ஏசி இல்லாத தியேட்டர்டி இது, இன்டர்வலும் கெடையாது" என்று நீ சொன்னதற்குத்தானே இரண்டு பேரையும் வெளியே நிறுத்தினார்கள்? அந்த இருட்டில் பின் பெஞ்சில் ஒரு வெளிச்சம். லோகேஷ் மடியில் போனை மறைத்து வைத்து உன் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்துகிறான், பின்னால் தள்ளுகிறான், மறுபடி ஓட்டுகிறான். நீ மறுபடி மறுபடி செத்துக்கொண்டிருந்தாய்.

எழுந்து போய் அவன் கையைக் கடித்தேன். நான்தான், சங்கீ. பல் பதிந்து ரத்தம் வந்தது. அவன் என் பின்னலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். டெஸ்க் சரிந்தது. யாரோ "வுடுறா, வுடுறா" என்று கத்தினார்கள். மிஸ் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு அறை கொடுத்தார். அப்புறம் அவரே பயந்துபோய்க் கையைப் பார்த்துக்கொண்டார்.

"நாயி மாரி கடிக்கிறா மிஸ்! நான் இன்னா தமாசுக்கா பாத்தேன்?" லோகேஷ் அழுதுகொண்டே கத்தினான். "எங்கப்பாவும் அதே வண்டிதான் ஓட்றாரு. அவ கைய காட்றாளே, அந்தாளுக்கு ஏன் தெரில? எங்கப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா? அதான் பாத்தேன்."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. ஆனால் நாங்கள் யாரும் அதைப் பதில் வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. அவன்தான் அப்படிக் கேட்டான். மிஸ் வீடியோவை நிறுத்தினார். "எனக்குத் தெரியலடா" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்புறம் எல்லாம் ஒரே சத்தம். லாரியைக் கொண்டுவந்து பார்த்தால் என்ன? டிரைவர் சீட்டில் போனைக் கட்டினால்? அதை வீடியோ கால் செய்து போர்டில் போட்டால், டிரைவர் பார்ப்பதை வகுப்பே பார்க்கலாமே? பர்வீன் அது முடியும் என்று போர்டின் பின்னால் போய் வயரைத் தேடினாள். மிஸ் தலைமையாசிரியரிடம் போய் நின்று வாதாடினார். லோகேஷ் அவன் அப்பாவிடம் கேட்டான். கடித்த இடத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்து, "நீ கடிச்சதுக்கு ஊசி போட்டுக்கணுமாடி?" என்றான். நீ போன பிறகு நான் முதல் முறை சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை காலை அதே வகை டிப்பர் நம் மைதானத்துக்குள் நுழைந்தது. கண்ணாடியில் எலுமிச்சை மாலை, டேஷ்போர்டு முழுக்க சாமி படங்கள், மேலே குஞ்சம். லோகேஷ் அப்பா என்ஜினை அணைத்து, சாவியை மிஸ் கையில் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். தன் கண் உயரத்தில் போனைக் கட்டினார். நான் தினேஷ் அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவரை வகுப்பில் போர்டின் முன்னால் உட்கார வைத்தோம்.

போர்டில் நம் மைதானம் தெரிந்தது. வேப்பமரம், கொடிக்கம்பம், சுற்றுச்சுவர். ஆள் ஒருவர்கூட இல்லை.

"எல்லாரும் எங்க?" என்றார் அண்ணன்.

"ஜன்னல்ல பாருங்கண்ணா," என்றான் லோகேஷ்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். லாரியின் மூக்கை ஒட்டி நம் வகுப்பில் பாதிப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாரும் கையைத் தூக்கியிருந்தார்கள். மறுபடி போர்டைப் பார்த்தார். காலி மைதானம். ஓரத்தில் நெட்டை பாஸ்கரின் விரல்கள் மட்டும் ஒரு நொடி எட்டிப் பார்த்தன.

நான் நினைத்தேன், இதோ முடிந்தது, புரிந்துவிட்டது என்று. எத்தனை முட்டாள் நான்! அண்ணன் நாற்காலியை உதைத்துத் தள்ளினார். போர்டில் ஓங்கி ஒரு குத்து விட்டார். மூலையில் விரிசல் விழுந்து இன்னும் இருக்கிறது. "டூப்பு! போன்ல எதுனா பண்ணி வச்சிகினு எனக்குப் படம் காட்றீங்களா? அந்த டிரைவர் பசங்க எல்லாம் ஒண்ணுதானே? எவ்ளோ குட்த்தான்?" லோகேஷின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பட்டன் தெறித்தன. மிஸ் "தினேஷ், வேணாம்பா" என்று கத்தினார்.

அவர் கேட்டதும் சரிதானே, சங்கீ? ஒரு திரையைப் பார்த்துத்தான், ஏழுமலை வேண்டுமென்றே கொன்றார் என்று அவர் நம்பினார். இன்னொரு திரையைக் காட்டி இல்லை என்று சொன்னால் ஏன் நம்ப வேண்டும்?

"அப்போ நீங்களே ஏறிப் பாருங்கண்ணா," என்றேன். "நான் கீழ நிக்கிறேன்."

ஏறினார். கதவை அறைந்த வேகத்தில் சாமி படம் ஒன்று விழுந்தது. எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு நான் மட்டும் போய் நின்றேன். நீ நின்ற இடம், இடது ஓரம், பம்பரில் இருந்து ஒரு கை நீளம். நான் உன்னைவிட உயரம் என்பதால் முழங்காலைக் கொஞ்சம் மடித்துக்கொண்டேன். கையைத் தூக்கினேன்.

அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? நம்பர் பிளேட், டீசல் வாசனை, சூடு. கண்ணாடி எங்கோ வானத்தில் இருக்கிறது. நீ கடைசியாகப் பார்த்தது இதைத்தானா?

"எங்கடி கீற? வண்டிக்கு முன்னாடி வா!" மேலிருந்து அவர் குரல்.

"முன்னாடிதான்ணா நிக்கிறேன்."

"தெரில. கைய காட்டு."

"காட்டிட்டுத்தான் இருக்கேன்."

நான் பம்பரைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். அப்புறம் ஹாரன் அடித்தது. அவர் அதன் மேல் நெற்றியை வைத்து அழுத்திவிட்டார். மைதானம் முழுக்க அந்தச் சத்தம். பசங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். லோகேஷ் அப்பா ஏறிப் போய் அவர் தலையை மெல்லத் தூக்கினார். "அழு நைனா, அழு. ஆனா எறங்கி வந்து அழு. பசங்க பயப்புடுது பாரு."

இறங்கியதும் அவர் என் தலையில் கை வைத்தார். பிறகு லோகேஷோடு வகுப்புக்குள் போய், தெறித்த பட்டன்களைத் தரையில் தேட ஆரம்பித்தார். நாங்கள் சிலரும் தேடினோம். மிஸ் மட்டும் மைதானத்திலேயே நின்று மிச்சப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பின்னால் நகர்த்தி, எங்கே போனால் மேலே இருக்கிற லோகேஷ் அப்பாவுக்கு முகம் தெரிகிறது என்று சுண்ணாம்பில் குறித்துக்கொண்டிருந்தார். வகுப்பு இன்னும் முடியவில்லை என்பது போல. அது நியாயம்தான். இன்றைக்கு ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று சொன்னால் எங்கள் வகுப்பில் ஒருவர்கூட அதை மறக்க மாட்டார். மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திருமழிசைக்குப் போகத்தான் செய்தார். கூட வருவதாகச் சொன்ன அந்த இரண்டு பேரும் வரவில்லை. என் அப்பாவிடம் எல்லாம் சொல்லி, அவர் காரில் அண்ணனோடு நானும் போனேன். குறுகலான மாடிப்படி, ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. ஏழுமலை பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணால் வாசலில் நிற்பவரைப் பார்த்தார். உடனே இரண்டு கைகளையும் தூக்கித் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிட்டார். சத்தமே போடவில்லை.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. பிறகு வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"நீ பாக்கலன்னு தெரியும்," என்றார். "நான் ஏறிப் பாத்தேன். எனக்கும் தெரில."

ஏழுமலையின் கைகள் இறங்க வெகுநேரம் ஆனது. போன கண்ணுக்கு என்ன சொல்வது? உனக்கு என்ன சொல்வது? காரில் திரும்பும்போது அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: "இப்போ நான் யார அடிக்கிறது மா?" உன்னிடம் பதில் இருக்கிறதா?

சங்கீ, நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பாடம் தொடங்கும் முன் அந்த டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார்கள். தங்கள் சிநேகிதி கீழே கையைத் தூக்கி நிற்பது தெரியவில்லை என்று அவர்களே சொல்வார்கள். மிஸ்ஸும் லோகேஷ் அப்பாவும் சம்மதித்துவிட்டார்கள். நான் பள்ளியை விட்டுப் போன பிறகும் அந்த ஒரு நாள் வந்துவிடுவேன். உயரம் குறைந்த பிள்ளை எதுவோ அதன் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் முன்னால் நானே நிற்பேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
கயல்விழி