தம்பியின் பள்ளியில் நடந்த பஞ்சாயத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இடது தோள்பட்டையைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீயாவது அங்கே முழுசாக நலமாக இருக்க வேண்டும்.

பதறாதே, சொல்கிறேன். உன் தம்பி மறுபடியும் பள்ளியில் கை நீட்டிவிட்டான். குழாயடியில் யார் முதலில் பாட்டிலைப் பிடிப்பது என்று தகராறு, வெல்டர் மகனின் உதட்டைக் கிழித்துவிட்டான். இன்னொரு முறை அடித்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவோம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். தலைமையாசிரியை இரண்டு வீட்டுக்காரர்களையும் அழைத்து உட்காரவைத்து, பிள்ளைகளுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகத்தான் கேட்டார். பிள்ளை வளர்த்த லட்சணம் என்று வெல்டர் பெண்டாட்டி முனகினாள். விடுவேனா? நான் சும்மா கைப்பையைத்தான் ஓங்கினேன், அதற்குள் அவள் என் முடியைப் பிடித்துவிட்டாள். என்னை அடக்க வந்த உன் அப்பா என்னோடே சண்டையை ஆரம்பித்துவிட்டார், வெல்டர் குறுக்கே விழுந்தார், நாற்காலி சாய்ந்து உன் அப்பாவின் இடது தோளில் விழுந்தது, மேசை மேலிருந்த உலக உருண்டை வராந்தா வரை உருண்டு போனது. சமாதானம் பேச வந்த கணக்கு வாத்தியார் மேசைக்கடியில் புகுந்துகொண்டார்.

கடைசியில் அடித்துக்கொண்ட பையன்கள்தான் எங்களைப் பிரித்துவிட்டார்கள். உன் தம்பி அப்பாவை இடுப்போடு பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் திணித்தான். அவன் கண்ணைக் காட்ட, வெல்டர் மகனும் தன் வீட்டாரை அப்படியே பிடித்துத் திருப்பிவிட்டான். தலைமையாசிரியை என்னையும் உன் அப்பாவையும் பார்த்து ஒரே போடாகப் போட்டார், பையன் நாளைக்கு வரட்டும், நீங்க ரெண்டு பேரும் பொறுப்பான ஆள் யாரையாவது கூட்டிட்டு வந்தாதான் கேட்டுக்குள்ள விடுவேன் என்று. உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம்.

கிளம்பும்போது அவர் தம்பியிடம், இவ்வளவு அழகாப் பிரிச்சுவிட எங்கேடா கத்துக்கிட்டே என்று கேட்டார். அக்கா சொல்லிக்குடுத்தா மிஸ், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, இனிமே நீதான் பார்த்துக்கணும்னு சொல்லிட்டுப் போனா என்றான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டார், சண்டை போட ஆளில்லாமல் வீடே விறைத்துக் கிடக்கிறது.

நல்ல வேலை கிடைத்துத்தான் நீ அவ்வளவு தூரம் போனாய் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே வேலைக்காகத்தான் போனாயா, கண்ணு?

தலைமையாசிரியைக்கு மறக்காமல் போன் செய். நேரத்துக்குச் சாப்பிடு, நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நிற்கும்
உன் அம்மா