பஞ்சாயத்து மாடியில் கொடி

வீட்டம்மாவுக்கு,

பதறாதே. முன்பல் ரெண்டு போச்சு. இனி நான் ஊர்வம்பு பேசினா காத்துதான் வரும்.

பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் கட்டின சாதிச் சங்கக் கொடியைக் கழற்ற உத்தரவு வந்தும் யாரும் ஏறலை. பெரிய வீரனாட்டம் நானும் பக்கத்துத் தோட்டத்து விக்னேஷும் ஏறினோம். "மச்சான், எறங்குங்க, கொன்னுருவேன்!"னு பின்னாடியே வந்தான் உன் தம்பி. அப்பவும் மரியாதை குறையலை. கொடியைத் தொட்டதும் களைக்கொத்தால் என் வாயில் ஒண்ணு, விக்னேஷ் கண்ணில் ஒண்ணு. மாடியெல்லாம் ரத்தம்.

அன்னைக்குப் போலீஸ்கிட்ட, பனிமூட்டத்தில் ஆள் தெரியலைன்னேன். பல்லு என்னோடது, மன்னிச்சிட்டேன். இன்னைக்கு ஆஸ்பத்திரியில் விக்னேஷுக்கு அந்தக் கண்ணையே எடுத்துட்டாங்க. அதை மன்னிக்க நான் யாரு? உன் தம்பி பேரைச் சொல்லிட்டேன்.

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவ நீ. என்னைத் திட்டவாவது வீட்டுக்கு வா.

உன் வீட்டுக்காரன்