உடைந்த ஸ்டியரிங் தண்டை மழையிலிருந்து காக்கக் கோரி

அனுப்புநர்:
சி. ரெஜிலா (வயது 20),
த/பெ. சிலுவைதாசன்,
கடற்கரைத் தெரு, இராஜாக்கமங்கலம் அருகில்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்,
நாகர்கோவில்.

பொருள்: பள்ளி வேன் விபத்து வழக்கு – காவல் நிலைய வளாகத்தில் மழையில் கிடக்கும் உடைந்த தண்டை இன்றே உலர்ந்த இடத்துக்கு மாற்றி, அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருள் அறிவியல் மற்றும் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்து வருகிறேன். என் தந்தை சிலுவைதாசன், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர். வேன் அவருடையது அல்ல, வேறொருவருக்குச் சொந்தமானது. கடந்த 7.10.2024 காலை, கோட்டாறில் உள்ள பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வழியில் வேன் சாலையை விட்டு விலகி, ஓரத்தில் ஓடும் பாசனச் சானலில் கவிழ்ந்தது. மற்றப் பிள்ளைகள் காயங்களோடு பிழைத்தார்கள். நான்காம் வகுப்பு படித்த அபிதா என்ற சிறுமி இறந்துவிட்டாள். அவளைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கிவந்தவர் என் தந்தைதான். தம் தோளெலும்பு முறிந்திருப்பதே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

2. அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதாக அவர் மீது வழக்குப் பதிவாகி, இப்போது ஜாமீனில் இருக்கிறார். மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "மக்களே, நான் திருப்புனேன், வண்டி கேக்கல்ல. ஸ்டியரிங்கு கையில சும்மா சுத்திச்சு." ஸ்டியரிங்கில் ஆட்டம் இருப்பதாக உரிமையாளரிடம் முன்பே சொன்னதாகவும், "எஃப்.சி.க்கு விடும்ப பாக்கலாம்" என்று, வண்டியின் தகுதிச் சான்று புதுப்பிக்கும் நேரத்தைக் குறித்து அவர் பதில் சொன்னதாகவும் என் தந்தை கூறுகிறார். உரிமையாளர் அதை மறுக்கிறார். ஸ்டியரிங்கையும் முன்சக்கரங்களையும் இணைக்கும் இரும்புத் தண்டு, மெக்கானிக்குகள் டை ராடு என்று சொல்வது, இரண்டு துண்டாகக் கிடந்தது. அது வேன் கவிழ்ந்த அதிர்ச்சியில் உடைந்தது என்று வண்டியைப் பார்வையிட்ட அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். முதலில் தண்டு உடைந்து அதனால் வேன் கவிழ்ந்ததா, வேன் கவிழ்ந்ததால் தண்டு உடைந்ததா என்பதுதான் ஐயா இந்த வழக்கே.

3. இதற்கு விடை அந்தத் தண்டிலேயே இருக்கிறது. இந்தப் பருவத்தில் எனக்கு உலோகங்கள் முறிவதைப் பற்றிய பாடம் நடக்கிறது. ஒரே அடியில் உடைந்த இரும்பின் முகம், அதாவது உடைந்த பரப்பு, முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். மீண்டும் மீண்டும் விசை பட்டு வரும் நாள்பட்ட அயர்ச்சியால் மெல்ல மெல்ல விரிசல் விட்டு, கடைசியில் முறிந்த இரும்பின் முகத்தில், அலை வற்றிய மணலில் தெரிவதுபோல் வளைவு வளைவாக வரிகள் இருக்கும். விரிசல் எங்கே தொடங்கியது, எவ்வளவு காலம் வளர்ந்தது என்பதைக்கூட எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் உடைந்த முகம் கெடாமல் இருக்க வேண்டும். அதைக் கையால் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது, இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கக் கூடாது. தண்ணீர் பட்டுத் துரு ஏறவே கூடாது. எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பில் சொன்ன முதல் பாடம் இது.

4. நான் முதல்முறை நிலையத்துக்குப் போனபோது, பறிமுதல் வண்டிகள் நிற்கும் இடத்தில், வேனின் அருகே வெறுந்தரையில் இரண்டு துண்டுகளும் கிடந்தன. முந்தைய இரவு மழை பெய்திருந்தது. நான் கேட்டதும், அங்கிருந்த அலுவலர் ஒருவர் எனக்குக் காட்டுவதற்காக இரண்டையும் எடுத்து, முனையோடு முனை வைத்து அழுத்தி, "பாத்தியா, சரியாட்டு சேருது" என்றார். நான் என்னை அறியாமல் கத்திவிட்டேன். அதற்காக அன்று என்னை வெளியே அனுப்பினார்கள். என் குரல் உயர்ந்தது தவறு. மன்னிக்க வேண்டுகிறேன்.

5. அடுத்த முறை போனபோது ஒரு துண்டு பளபளவென்று இருந்தது. ஒரு காவலர், இரக்கப்பட்டு, "துரு பிடிக்குதுன்னு நீதான அழுதே, அதான் தேச்சு வச்சேன்" என்றார். உப்புத்தாள் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து, நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. பெயரையும் நான் எழுதவில்லை. ஆனால் ஐயா, அந்தத் துண்டு இனி எதையும் சொல்லாது. மீதி இருப்பது ஒரே ஒரு துண்டு.

6. அதையாவது வைக்கச் சொல்லி, காற்றுப் புகாத டப்பா ஒன்றும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குற்றம் சாட்டப்பட்டவரின் மகள் கொடுப்பதை வாங்க முடியாது என்றார்கள். அது நியாயம்தான். நிலையத்திலேயே ஒரு டப்பாவில் வையுங்கள் என்றேன். கோர்ட்டு சொன்னால் பார்ப்போம் என்றார்கள். எங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார், விசாரணை அடுத்த மாதம். துரு அடுத்த மாதம் வரை காத்திருக்காது. நேற்று மாலை மழை பிடித்தபோது, வேறு வழி தெரியாமல், அந்தத் துண்டின் மேல் என் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அதைத் தொடவில்லை. இருட்டியதும், பெண்பிள்ளை இங்கே நிற்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். மழை விடவில்லை.

7. என் தந்தை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கஞ்சியைக்கூட அம்மா ஊட்ட வேண்டியிருக்கிறது. "எனக்க கையிலதான போச்சு பிள்ளை" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. இந்நிலையில் நான் அபிதாவின் தாயார் திருமதி ஜிஷா அவர்களின் வீட்டுக்குப் போனேன். உறவினர்கள் என்னை வாசலிலேயே தடுத்தார்கள். அவர்தான் உள்ளே வரச் சொன்னார். தண்டைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் கேட்டார்: "அதுல உனக்க அப்பா மேலதான் தப்புண்ணு வந்தா?" வரலாம் அக்கா என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "அப்ப அதுவும் எனக்கு அறியணும். எனக்க பிள்ளைக்கி என்ன நடந்துண்ணு எனக்கு அறியணும்" என்றார்.

8. எனவே ஐயா, வழக்கைக் கைவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யவும் கேட்கவில்லை, மகள் படிக்கும் இடம் என்று பேச்சு வரும். தேய்க்கப்படாத அந்த ஒரு துண்டை இன்றே மழையிலிருந்து எடுத்து, யாரும் தொடாதபடி உலர்ந்த பெட்டியில் முத்திரையிட்டு, தாங்கள் விரும்பும் எந்த அரசு ஆய்வகத்துக்கேனும் அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். அந்த முகத்தில் வரிகள் இல்லை, ஒரே அடியில் உடைந்ததுதான் என்று அறிக்கை வந்தால், அதை என் தந்தைக்கு நானே வாசித்துக் காட்டுவேன். ஒன்றும் தெரியாமலே அவர் குற்றவாளி ஆவதையும், ஒன்றும் தெரியாமலே ஒரு தாய் இருப்பதையும்தான் தாங்க முடியவில்லை.

9. இம்மனுவைத் திருமதி ஜிஷா அவர்களிடம் படித்துக் காட்டினேன். தாமும் கையெழுத்திடுவதாக அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. இன்றும் வானம் கறுத்திருக்கிறது. மழைக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் தாங்கள் சொன்னால் போதும் ஐயா.

நாகர்கோவில்,
23.10.2024

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,

சி. ரெஜிலா
(ஓட்டுநர் சிலுவைதாசனின் மகள்)

ஜிஷா
(அபிதாவின் அம்மா)